ஆத்த மட்டும் வெச்சிருங்க: ஒரு கூடாரக்காரனின் பாடுகள்

கூடாரத் தொழில் என்பது, வீட்டில் நல்ல கட்டிலும் மெத்தையும் உள்ள ஒருவரை வரவழைத்து, நிலத்தில் படுக்கவைத்து, காலையில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பும்போது "நல்ல நித்திரையா?" என்று சிரித்த முகத்தோடு கேட்கும் தொழில். விடுதி, சாப்பாட்டுக் கடை, கலியாண மண்டபம் என்று எதையாவது நடத்தி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும், ஒன்றும் நடத்தாமலே வீட்டுக்கு வரும் உறவினரிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவர்களும் என் இனத்தார். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வளைகுடாவில் பல வருடம் இருந்தவன். பாலைவனத்துக்குள் உல்லாசப் பயணிகளுக்குக் கூடாரம் அடித்துக் கொடுப்பது என் வேலை. வெறும் மணலில் படுக்கவே இவ்வளவு சனம் வருகிறதே, நம் ஊரில் ஆறு இருக்கிறது, காடு இருக்கிறது, மலை இருக்கிறது என்று யோசித்து யோசித்தே நாட்டுக்குத் திரும்பிவிட்டேன். என் மனைவி வசந்திக்குச் சீதனமாக வந்த காணி ஒன்று வவுணதீவையும் தாண்டி, வயல் வட்டைகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், மலையடிவார ஆற்றங்கரையில் சும்மா கிடந்தது.

எங்கள் பக்கத்தில் காணியும் வீடும் பெண்ணுக்கு. ஆணுக்கு அவற்றில் இருந்து சாப்பிடும் பாக்கியம் மட்டும். ஆகவே முறைப்படி அனுமதி கேட்டேன். கேட்ட இடம்தான் பிழை. வசந்தி சின்ன வயதில் ஊரோடு இடம்பெயர்ந்து, வருடக்கணக்கில் கூடாரத்துக்குள் வளர்ந்தவள். "ஒரு சென்மத்துக்குக் காணுமான அளவு நான் கூடாரத்துல இருந்திட்டன். நான் அந்தப் பக்கம் வரமாட்டன், நீங்க வேணுமெண்டா செய்து பாருங்க. மாரி மழை தொடங்கிற வரைக்கும்தான். சரிவராட்டி உழுது சோளன் போடுவம்" என்றாள். எனக்கு வேறு தொழில் தெரியாது. காணி சோளனுக்குப் போனால் நான் மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். எங்கள் மகள் அப்போதுதான் என்னைக் கூச்சமில்லாமல் "அப்பா" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அந்தப் பயத்தோடுதான் முதல் கூடாரத்தை அடித்தேன்.

நிவாரணம்

முதன்முதல் வந்தவர்கள் கொழும்பைச் சேர்ந்த புதுமணத் தம்பதி. இருவருக்கும் வங்கியில் வேலை. காலையில் வந்து, ஆற்றில் குளித்து, கூடார வாசலில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் பக்கத்துக் கிராமத்துக் கோயில் மாதர் சங்கத் தலைவி பொன்னம்மா அக்கா நாலைந்து பெண்களோடு வந்துசேர்ந்தார். கையில் சோற்றுப் பார்சல்கள், இரண்டு பாய், உடுக்க ஒரு பழைய சாரன், குளிக்க ஒரு சவர்க்காரக் கட்டி. "எந்த ஊராக்கள் மனே? வெள்ளமா, இல்லாட்டி யானை வீட்ட உடைச்சிட்டுதா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

இவர்கள் பொழுதுபோக்க வந்தவர்கள் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அக்கா நம்பவில்லை. நம்பாதது அவர் பிழையுமில்லை. யுத்தம், சுனாமி, வெள்ளம் என்று எது வந்தபோதும் அந்தச் சனம் கண்ட கூடாரம் எல்லாம் அகதிக் கூடாரம்தான். கொழும்புத் தம்பதியோ பார்சலை இரு கையாலும் வாங்கி, கருவாட்டுக் குழம்பை விரல் சூப்பிச் சாப்பிட்டு, இதுவும் என் ஏற்பாடு என்று நினைத்து என்னைப் பாராட்டினார்கள். பொன்னம்மா அக்கா அந்தப் பெண்ணின் ஜீன்ஸ் இரண்டு முழங்காலிலும் கிழிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போகும்போது மற்றப் பெண்களிடம் கண்கலங்கச் சொன்னார்: "நல்லா வாழ்ந்த சனம் போலகா. பாவம், புள்ளைக்கு உடுக்க ஒரு முழுசான உடுப்புக்கூட மிஞ்சல்ல."

இரண்டு வான்

காத்தான்குடியிலிருந்து புடவைக்கடை முதலாளி ஒருவர் குடும்பத்தோடு இரண்டு வான் வண்டிகளில் வந்தார். எல்லாரும் அவரை ஹாஜியார் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். முதல் வானில் மனிதர்கள் வந்தார்கள். இரண்டாவது வானில் கேஸ் சிலிண்டர், அடுப்பு, ஒரு ஊருக்கே சமைக்கக்கூடிய சட்டி, கம்பளங்கள், தலையணைகள், ஹாஜியாருக்கென்று ஒரு கதிரை. முகாமில் நான் கொடுக்கும் பாயையும் அரிக்கன் லாம்பையும் பெருமையோடு காட்டினேன். ஹாஜியாரின் மனைவி அவற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஹாஜியார் கூடாரச் சீலையை இரு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "சீலை நல்லம் தம்பி. மழைக்கு எப்பிடியோ தெரியா" என்றார். பாலைவனப் புயலுக்கே தாங்கிய இனம் என்றேன். "அங்க மழ பெய்றா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்ய ஆற்றுக்கு இறங்கினார்.

மத்தியானம் கம்பளம் விரித்து, பெரிய சஹன் தட்டுகளில் புரியாணி வைத்து, ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேராக உட்கார்ந்தார்கள். ஒரு தட்டில் ஒரு ஆள் குறைந்தது. நான் சமைத்துவைத்த சோறும் ஆற்றுமீன் குழம்பும் அங்கே ஆறிக்கொண்டிருக்க, முகாம் சொந்தக்காரனாகிய என்னைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தார்கள். பின்னேரம் புறப்படும்போது ஹாஜியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, அடுத்த முற வாறம். நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல. ஆத்த மட்டும் வெச்சிருங்க."

கல்

முகாமில் கைபேசிக்கு சிக்னல் இல்லை. ஆற்றிலிருந்து கொஞ்சம் ஏறினால் ஒரு பெரிய கல் இருக்கிறது, அதன் உச்சியில் மட்டும் வரும். மட்டக்களப்பு நகரத்து அலுவலகம் ஒன்றிலிருந்து ஒரு குழு, "இரண்டு நாள் போனும் வேணாம், உலகமும் வேணாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வந்தது. நான் வாய் தவறிக் கல்லின் கதையைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஆற்றங்கரையில் நானும் மீன்கொத்தியும்தான். மொத்த அலுவலகமும் கல்லுக்கு மேலே வெயிலில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டைக்கூட நான்தான் மேலே தூக்கிக்கொண்டு போனேன். போகும் நாளில் அவர்களின் மேலாளர், முகாமில் திருத்த வேண்டியது ஏதும் உண்டா என்று நான் கேட்டதற்கு, நன்றாக யோசித்துச் சொன்னார்: "அண்ணன், இந்தக் கல்ல ஆத்துக்குக் கிட்ட வெச்சிருக்கலாம்."

கரடிக்குப் பயந்தவர்

கனடாவிலிருந்து வந்த அண்ணன் ஒருவர் தன் மனைவியோடு தங்கினார். கயிறு வைத்த தொப்பி, முழங்கால்வரை சப்பாத்து, கழுத்தில் விசில். அங்கே கோடைக்குக் கோடை காட்டில் கூடாரம் அடிப்பாராம். வந்ததிலிருந்து எனக்கு வகுப்புத்தான். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது, மணத்துக்குக் கரடி வரும், பையில் போட்டு மரத்தில் உயரக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்றார். "அண்ணன், இஞ்ச கரடியவிடக் குரங்குதான்..." என்று நான் தொடங்கினேன். "இந்த முடிச்சக் குரங்கு அவிழ்க்காது" என்று சொல்லி, ஆற்றோரத்து மருத மரத்தில் பையை ஏற்றிக் கட்டினார்.

முடிச்சைக் குரங்கு அவிழ்க்கவில்லை என்பது உண்மைதான். பையைக் கடித்துக் கிழித்துக்கொண்டது. அண்ணன் முகம் கழுவிவிட்டு வந்து பார்க்கும்போது, கொப்புக்கொன்றாக உட்கார்ந்து, கனடாவிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட்டையும் சீஸையும் ஒரு குடும்பமே பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் விசிலை எடுத்து ஊதினார். குரங்குகள் ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டன. அவருடைய மனைவி எழும்பக்கூட இல்லை. "கரடிக்கு ஒளிச்சுக் குரங்குட கையில குடுத்திட்டு, இப்ப விசில் ஊதுறார் மனிசன்."

யோகனின் கை

எனக்கு உதவிக்கு இருப்பவர் யோகன். இந்தத் தொழிலுக்கு வருமுன் வட்டையில் காவல் இருந்தவர். வேளாண்மைப் பயிருக்குள் யானை இறங்கினால் யானை வெடி கொளுத்தித் துரத்துவதுதான் வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை. இரவு காவலுக்கு உதவும் என்று வெடி ஒரு கட்டு எப்போதும் அவர் சாரன் மடியில் இருக்கும். ஒருமுறை வந்த வெள்ளைக்காரக் குடும்பம் யானை பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது. யோகனைத்தான் துணைக்கு அனுப்பினேன். ஆற்றோரமாக நடத்தி, பற்றைக்குள் உட்காரவைத்து, மூச்சு விடாமல் காத்திருக்கச் செய்தார். அக்கரையில் கொம்பன் யானை ஒன்று தண்ணீர் குடிக்க இறங்கியது. அவர்களின் பெண்பிள்ளை சந்தோசத்தில் அழுதேவிட்டாளாம். தகப்பன் கமராவைத் தூக்கினார். யோகன் வெடியைக் கொளுத்தி எறிந்தார்.

யானை அடுத்த மாவட்டத்தில்தான் நின்றிருக்கும். அந்தக் குடும்பம் நேரே வந்து சாமான் கட்டியது. எனக்கு வந்த கோபத்துக்கு யோகனை ஆற்றில் தள்ளியிருப்பேன், ஆனால் அவர் என்னைவிடக் கோபமாக நின்றார்: "யானையக் கண்டா கும்பிடுறதா கொளுத்துறதா எண்டு முதலே சொல்லியிருக்கோணும் தம்பி. எனக்கு யோசிக்க முதல் கை போயிரும்."

கான்

மாரிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். களுவாஞ்சிக்குடியிலிருந்து ஆசிரியைகள் வந்து எல்லாக் கூடாரமும் நிறைந்திருந்தது. அன்று பார்த்து வசந்தி உழவு மெசின்காரர் தங்கராசாவைக் கூட்டிக்கொண்டு, காணி சோளனுக்குத் தோதா என்று காட்ட வந்து இறங்கினாள். முகாம் தொடங்கிய பிறகு அவள் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கூடாரங்களின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கராசா காலால் மண்ணைக் கிளறி, "நல்ல மண் தங்கச்சி" என்றார். அப்போதுதான் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

நான் ஓடி ஓடிக் கயிறுகளை இழுத்துக் கட்டினேன், முளைகளை அடித்து இறுக்கினேன். நான் படித்தது அதுதான்; பாலைவனத்தில் எங்களுக்கு எதிரி காற்று. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வசந்தி பொறுக்கமுடியாமல் கிட்ட வந்து, "கான் எங்க?" என்றாள். "எந்தக் கான்?" என்றேன். மழைத் தண்ணீர் வழிந்தோடக் கூடாரத்தைச் சுற்றி வெட்டும் வாய்க்காலைக் கேட்கிறாள் என்று விளங்கவே எனக்கு நேரம் எடுத்தது. "பள்ளத்துல அடிச்சு, கானும் வெட்டாம, கயித்த இழுக்கிறாராம் கயித்த" என்று ஆற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு யோகனின் கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்தாள்.

பிறகு நடந்ததற்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. ஒரு கூடாரத்தைப் பிடுங்கி மேட்டில் அடிக்கச் சொன்னாள். ஆசிரியைகள் சாப்பாட்டுத் தட்டுகளால் மண் அள்ளினார்கள். காணி பார்க்க வந்த தங்கராசாவின் கையிலும் ஒரு மண்வெட்டியைக் கொடுத்துவிட்டாள். கடைசிக் கானை ஆற்றோடு சேர்க்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. மலையிலிருந்து வந்த தண்ணீர் ஒவ்வொரு கூடாரத்தையும் சுற்றிக்கொண்டு போய் ஆற்றில் விழுந்தது. ஒரு பாய்கூட நனையவில்லை.

நானும் அவளும் ஒரு கூடார வாசலில் தெப்பமாக நனைந்துபோய் உட்கார்ந்தோம். அவள் கை மட்டும் தன்பாட்டில் நிலத்தைத் தடவித் தடவி ஈரம் பார்த்துக்கொண்டிருந்தது. "அப்ப அம்மா கான் வெட்டுவா, நான் மண்ண அள்ளிப் போடுவன். மழை விட்டாப் போறதுக்கு எங்களுக்கு வீடெண்டு ஒண்டும் இருக்கல்ல" என்றாள். அடுத்த கூடாரத்தில் ஆசிரியைகள் சிரித்துச் சிரித்துப் பாடிக்கொண்டிருந்ததை அவள் கொஞ்சநேரம் கேட்டாள். "இவங்க நாளைக்கு எழும்பி வீட்ட போயிருவாங்க. போக வீடு இருந்தாக் கூடாரமும் நல்லாத்தான் இரிக்கி" என்றாள்.

மழை குறைந்ததும் தங்கராசா தேத்தண்ணிக் கோப்பையோடு தலையை நீட்டினார். "அப்ப தங்கச்சி, மெசின எப்ப கொண்டுவாற?" நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து கானைப் பார்த்தேன். அவளும் கானைத்தான் பார்த்தாள். பிறகு சேறு காய்ந்த தன் கைகளைப் பார்த்தாள். "இவ்வளவு பாடுபட்டுக் கான் வெட்டியிரிக்கன், அதுக்கு மேலால மெசின விடுவனா? நீங்க தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போயித்து வாங்க அண்ணன்."

ஆகவே, மழை பெய்யாத ஊரில் தொழில் படித்துவிட்டு மழை பெய்யும் ஊரில் கூடாரம் அடிக்க நினைக்கும் என் இனத்தாரே, மண்வெட்டியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், முதலில் நல்ல இடத்தில் பெண் எடுங்கள்.