அக்கா மகள் நீட்டிய தாள்

எண்ணூர்ப் புகைக்கூண்டை ஒரே ஊதில் அணைத்த வீரன் நான், இந்தப் பக்கத்தில் என் பதிவுகளைப் படிக்கும் நீங்கள் அறிந்ததே.

இன்று பஸ்ஸில் பத்தாவது படிக்கும் அக்கா மகள் ஒரு தாளை நீட்டினாள். பள்ளியில் மனநல வகுப்பாம். கேள்விகளுக்கு டிக் அடித்து, வீட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டுமாம்.

“கையெழுத்த நீயே போட்டுடு மாமா. அம்மா பாத்தா அழுவும்.”

“அப்டி இன்னா ராணுவ ரகசியம் கீது?” என்று வாங்கினேன்.

தூக்கம் வருவதில்லையா? ஆம். காரணமில்லாமல் அழுகை வருகிறதா? ஆம். யாரிடமாவது சொன்னாயா? இல்லை.

“மத்த பொண்ணுங்க?”

“எல்லாம் நல்லா கீறோம்னு போட்டுட்டாளுங்க. வூட்டுக்குப் போற பேப்பர்ல எவ உண்மைய எழுதுவா?”

“நீ ஏன் எழுதின?”

“யாராச்சும் கேக்கட்டும்னுதான் மாமா.”

திருவொற்றியூரில் இறங்கியதும், அவளிடம் சொல்லிவிட்டே தாளை அக்காவிடம் காட்டினேன்.

நாளை நானும் அக்காவும் அவளோடு டீச்சரைப் பார்க்கப் போகிறோம். அங்கே போய்ப் பேச, அண்டப்புளுகனான எனக்கு முதல் வாக்கியமே அகப்படவில்லை. தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள்.