ஸ்கூல்ல சொல்லிடாதீங்க

தீவில், டாலிகஞ்ச் பகுதியில் நான் கிளினிக் வைத்திருந்தபோது, என் மகள் போகும் பள்ளி வேனின் டிரைவர் ஒரு சனிக்கிழமை மனைவியோடு வந்தார். ஒரே மாதத்தில் இரண்டாவது முறையாக வீட்டில் வலிப்பு வந்து விழுந்திருந்தார்.

"டாக்டரம்மா, ஸ்கூல்ல மட்டும் சொல்லிடாதீங்க. ட்யூட்டி போச்சுன்னா தீவை விட்டு மெயின்லேண்டுக்குத்தான் திரும்பணும்."

நோயாளியின் விஷயத்தை நான் வெளியில் பேசியதில்லை. என் மகளை வேறு வண்டியில் அனுப்பிவிடலாம். மற்றப் பிள்ளைகள்?

"என்ன நோய்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே. ஆனா நீங்க இப்போ வண்டி ஓட்டக் கூடாது. திங்கக்கிழமைக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. இல்லேன்னா ஓட்டக் கூடாதுன்னு மட்டும் நான் சொல்லித்தான் ஆகணும்."

வண்டி ஓட்டக் கூடாது என்று மட்டும் பள்ளிக்கு நான் எழுதிய கடிதத்தை அவர் தொடவில்லை, அழுதார். மனைவி அதை வாங்கிக்கொண்டு, "வாங்க, நானும் கூட வர்றேன்" என்று அவரை எழுப்பினார்.

திங்கட்கிழமை வேனைப் புது ஆள் ஓட்டிவந்தார். பழைய டிரைவர் கீழே இறங்கி, பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றினார். பள்ளி அவருக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பல மாதங்கள் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மாத்திரைக்கு மட்டும் ஒருமுறைகூடத் தவறாமல் வந்தார்.