கிழங்கு காய்ந்த பாறை

நெய்யாற்றின்கரையில் சாலைப் பணிக்காகக் குவித்திருந்த கருங்கல் சல்லியின்மேல் இன்று தூறல் விழுந்ததும் எழுந்த வாசனை, ஆரியங்கோட்டில் இப்போது குவாரிப் பள்ளமாகிவிட்ட எங்கள் பெரிய பாறைக்கு என்னைக் கொண்டுபோனது. மாசி வெயிலில், வெந்நீரில் வாட்டிய மரச்சீனிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, ஊரே அதன்மேல்தான் காயவைக்கும். மழைக்காலம் முழுவதற்கும் எங்களுக்கு அதுதான் உணவு.

ஒருநாள் பிற்பகலில், ரப்பர்த் தோட்டங்களுக்கு மேலாக மழை வெண்சுவர்போல் நகர்ந்து வந்தது. யாருடைய கிழங்கு என்று பாராமல், கைக்கு எட்டியதை எல்லோரும் வாரினோம்.

“மக்கா, வானத்தப் பாத்துட்டு நிக்காத. இது நனைஞ்சா கர்க்கடக மழையில உனக்க எலும்பத்தான் அவிக்கணும்” என்றாள் அம்மை.

“அதுல எங்க சதை உண்டு?” என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு ரோசம்மை, எங்கள் கிழங்கை வாரியபடியே.

பாறையில் பாதிவரை ஏறிய மழை அங்கேயே நின்றுவிட்டது. ஒருபுறம் கல் கறுத்து ஆவி பறந்தது. மறுபுறம், எங்கள் காலடியில், கிழங்கு நனையாமல் வெளுத்துக் கிடந்தது. அம்மைகூட வானத்தைப் பார்த்தபடி நின்றாள்.

அந்தப் பாறைதான் இன்று நான் வேலைக்குப் போகும் சாலையாகவும் நான் குடியிருக்கும் வீட்டின் அடித்தளமாகவும் கிடக்கிறது. அதை உடைத்தவர்களை மட்டும் குறைசொல்ல என்னால் இயலாது. சல்லிக் குவியலுக்குள் கையை நுழைத்தேன். நனைந்த கற்களுக்கு அடியில் இன்னும் வெயில் சூடு இருந்தது.