கப்பலும் கல்யாண ஓலையும்

சனிக்கிழமை மத்தியானம் அனிருத்திடமிருந்து போன் வந்தபோது சாராள் மிஸ் குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் இருந்தாள். ஹெப்சியின் கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ளத்தான் புடவை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல நியூஸ் மிஸ். ஹால் கெடைச்சிருச்சு. ஃபெப்ரவரி செகண்ட் வீக். வெள்ளி, சனி, ஞாயிறு, மூணு ஷோ."

அந்த வெள்ளிக்கிழமைதான் ஹெப்சிக்குக் கல்யாணம்.

"தம்பி, அந்த வாரம்..."

"மண்டே வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. ரங்கன் சார் ஓகே சொல்லணும். அவர் ஏற்கெனவே ரொம்ப கடுப்புல இருக்காரு."

கடைப்பெண் நீலப் புடவையை உதறி, "இது உங்க கலருக்கு எடுப்பா இருக்கும் மேடம்" என்றாள். சாராள் அதற்கே பில் போடச் சொன்னாள். என்ன நீலம் என்றுகூடப் பார்க்கவில்லை.

சாராளை அறியாதவர்கள் கிழக்குத் தாம்பரத்தில் குறைவு. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். சபையில் ஆராதனைக்குப் பாடும் கொயரை நடத்துகிறவள். ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகப் பாட்டு டீச்சர். ஆண்டுவிழா என்றால் பட்டாம்பூச்சி இறக்கை கட்டிய எல்.கே.ஜி. பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் வரிசையில் நிறுத்தி, ஒன்றுக்குப் போக வேண்டியவர்களை முன்கூட்டியே அனுப்பி, மைக் அலறாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் கண்ட மேடை. கைதட்டல் வரும். பெற்றோருக்கு வரும், பிள்ளைகளுக்கு வரும். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை என்று அவளே நம்பியிருந்தாள், அனிருத் வரும்வரை.

அனிருத் லண்டனில் நாடகம் படித்துவிட்டு வந்தவன். துறைமுகத்தில் அப்பாவின் கப்பலுக்குக் காத்திருக்கும் ஒரு வியாபாரி மகளின் கதையை இரண்டரை மணி நேர இசை நாடகமாகப் போடுவது அவன் கனவு. அமெரிக்காவில் சம்பாதித்துத் திரும்பிய கஸ்தூரிரங்கன் பணம் போட்டார். ஈஸ்டர் ஆராதனையில் கொயரைக் கேட்ட அனிருத், மொத்தக் கொயரும் வேண்டும் என்றான். வியாபாரி மகளாக ஹெப்சி வேண்டும் என்றான். ஹெப்சி சாராளின் பழைய மாணவி, பல்லாவரத்தில் ஒரு வங்கியில் வேலை. "மியூசிக் டைரக்‌ஷன்ல உங்க பேர் போடறேன் மிஸ்" என்றும் சொன்னான். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குழம்புக்கு உப்புப் போட மறந்துபோனாள் சாராள்.

முடிச்சூரில் ஒரு பழைய கிடங்கில் கப்பல் கட்டினார்கள். சுவரில் இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தின் கறை ஆளுயரத்துக்கு மேலே அப்படியே இருந்தது. "தண்ணி மட்டம் ரெடி, கப்பல்தான் பாக்கி" என்று கொயரில் அடிக்குரல் பாடும் ஞானையா அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மேடையில் சுழலும் கப்பல், பாய்மரம், நிஜத் தண்ணீர். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அரங்கேற்றம் என்று பேச்சு.

ஹெப்சியின் கல்யாணமும் அதே வாரத்தில்தான் இருந்தது. மாப்பிள்ளை மெர்வின் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். டிசம்பரில் வந்து பிப்ரவரி கடைசியில் கிளம்பிவிடுவான். "ரெண்டே மாசம் தள்ளிப் போடும்மா. லெந்து நோன்பு தொடங்கறதுக்குள்ள வெச்சிக்கலாம். இந்த மாதிரி சான்ஸ் நம்ம ஜனத்துக்கு எப்ப வரும்?" என்று கேட்டது சாராள்தான். ஹெப்சி யோசிக்கக்கூட இல்லை. மிஸ் சொன்னால் சரிதான்.

கேட்பதற்கு மூன்று நாள் முன்னால் சாராள் தனியாக முடிச்சூர் போயிருந்தாள். கப்பலில் பாதிதான் நின்றது. தச்சர் ஒருவர், "ஹாலு தரை இந்த வெயிட்ட தாங்காதுன்னு இன்ஜினியர் சொல்லிக்கினு போயிட்டாரும்மா. இது டிசம்பர்ல ஆவுற வேலையில்ல" என்றார். கேட்டுக்கொண்டாள். அது தெரிந்தேதான் ஹெப்சி வீட்டுப் படியேறினாள். கல்யாணம் முடிந்தால் பெண் மாமியார் வீடு, விருந்து என்று போய்விடுவாள், ஒத்திகைக்கு வரமாட்டாள் என்ற பயம். அவள் வராவிட்டால் அனிருத் வேறு பாடகியைத் தேடுவான். வேறு பாடகி வந்தால் வேறு டீச்சரும் வருவாள்.

அரங்கேற்றம் ஜனவரிக்குப் போனது. பொங்கலும் போனது. இப்போது இந்த போன்.

ஞாயிறு காலை ஆராதனை. அன்றைக்கு ஹெப்சிக்கு மூன்றாவது ஓலை. சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு போதகர் பீடத்திலிருந்து பெயர்களை வாசித்துத் தடை உண்டா என்று கேட்டாக வேண்டும். அதுதான் ஓலை. மூன்றும் முடிந்தால் கல்யாணம் உறுதி. இந்தத் தேதியும் தவறினால் லெந்து, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. லெந்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வருவதற்குள் மெர்வின் நடுக்கடலில் இருப்பான். ஒரு வருஷம் ஓடிவிடும். இதையெல்லாம் சாராள் இரவு முழுக்கக் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தாள். தேதி தெரிந்தால் ஹெப்சி என்ன செய்வாள் என்பதும் தெரியும். "நீங்க சொல்லுங்க மிஸ்" என்பாள்.

போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். மெர்வின் பெயர், அவன் அப்பா பெயர், ஹெப்சி பெயர். "இவர்கள் விவாகத்துக்குத் தடை இருப்பதாக உங்களில் யாராவது அறிந்திருந்தால், இப்போதே தெரிவிக்க வேண்டும்."

இந்த வாக்கியத்தை நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருக்கிறாள். ஒருவரும் வாய் திறந்ததில்லை. வழக்கமாக அந்த இடைவெளியில்தான் அடுத்த பாட்டுக்குப் பக்கம் திருப்புவாள். அன்றைக்குக் கை ஓடவில்லை. இந்தக் கட்டிடத்தில் தடை என்று ஒன்று இருந்தால் அது நான்தான் என்று தோன்றியது. என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே எழுந்து நின்றுவிட்டாள்.

மிஸ் எழுந்தால் கொயர் எழ வேண்டும். அப்படிப் பழக்கியவள் அவளே. இருபது பேரும் ஒன்றாக எழுந்தார்கள். கொயர் எழுந்ததைக் கண்ட கீபோர்டுக்காரர் ஞானப்பாட்டின் முன்னிசையை ஆரம்பித்தார். முன்னிசை கேட்டுச் சபையே எழுந்தது. அடுத்த அறிவிப்பை வாசிக்க வாயெடுத்த போதகர் பாவம், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவரும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். சாராளின் கைகள் தாமாகவே தாளம் காட்டின. எதிரில் கொயரின் முதல் வரிசையில் ஹெப்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடினாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஞானையா அண்ணன் பிடித்துக்கொண்டார். "என்ன சாராள், ஓலைய முடிக்க விடாம அவ்ளோ அவசரம்? மாப்பிள்ள ஓடிருவான்னு பயமா?"

"ஹெப்சி எங்கண்ணே?"

ஹெப்சி வேப்பமரத்தடியில் யாருக்கோ கல்யாண அழைப்பிதழ் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாராள் அவளைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னாள். முதலில் புதுத் தேதியை. பிறகு, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்ததால், முடிச்சூர் தச்சர் சொன்னதையும்.

ஹெப்சி சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "டிசம்பர்ல நாடகம் நடக்காதுன்னு அப்பவே உங்களுக்குத் தெரியுமா மிஸ்?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் எங்க வீட்டுக்கு வந்தீங்களா?"

"ஆமாம்மா."

"மெர்வினோட அக்கா மஸ்கட்ல நர்ஸ். டிசம்பர்லதான் லீவு. அவங்கதான் அம்மா இல்லாத பையன வளத்தவங்க. ஃபெப்ரவரின்னதும், பரவால்ல ஹெப்சி, நீ பாடு, நான் போட்டோல பாத்துக்கறேன்னாங்க. நான் அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டேன் மிஸ். உங்களுக்குப் பதிலா."

சாராள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, ஹெப்சி எதிரிலேயே அனிருத்தை அழைத்தாள்.

"தம்பி, அந்த வெள்ளிக்கிழமை ஹெப்சி வரமாட்டா. அன்னிக்கு அவ கல்யாணம்."

"மிஸ், ப்ளீஸ். இந்த டேட்டும் போச்சுன்னா ரங்கன் சார் கைய விரிச்சிடுவாரு. அறுபது பேரோட உழைப்பு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா."

"கேப்பா. அதனாலதான் சொல்லமாட்டேன்."

"அப்ப உங்க பேரும்..."

"எடுத்துருங்க."

போனை வைத்த பிறகு மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை. அந்த அறுபது பேரின் முகமும் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது.

"கல்யாணத்துக்கு என்ன பாட்டு வெக்கலாம்மா?" என்று பேச்சை மாற்றப் பார்த்தாள்.

"ஞானையா அண்ணனப் பாத்துக்கச் சொல்றேன் மிஸ்" என்றாள் ஹெப்சி. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம். "நீங்க வாங்க. கண்டிப்பா வாங்க."

வெள்ளிக்கிழமை சாராள் நீலப் புடவையில் நான்காவது வரிசையில் உட்கார்ந்தாள். அனிருத் நாடகத்தின் தேதியை மறுபடி ஒத்திவைத்துவிட்டான், தேதி பின்னர் என்று மட்டும் கொயர் வாட்ஸப்பில் வந்திருந்தது. சிலர் அவளுக்கு வணக்கம் சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை. ஞானையா அண்ணன் பாட்டை இழுவையாக இழுத்தார்.

உறுதிமொழி ஆரம்பிக்கும்போது மெர்வினின் அப்பா இடைவழியில் தடுமாறினார். ஒரு கையில் தாலித் தட்டு, மறு கையில் போன். போனில் வீடியோவில் மஸ்கட்டிலிருந்து மகள், நர்ஸ் உடையில், டியூட்டிக்கு நடுவில். சாராள் எழுந்து கை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்துவிட்டுப் பீடத்துக்குப் போனார்.

இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். பின்னால் இருந்தவர்களுக்கு மறைத்தது, யாரோ முணுமுணுத்தார்கள். அவள் இறக்கவில்லை.

"யாருங்க போன் பிடிச்சிருக்கறது?" என்று மெல்லிய குரல் மேலேயிருந்து வந்தது. "கொஞ்சம் வலது பக்கமா காட்டுங்க. தம்பி முகம் தெரியல."

"சாராள்மா" என்றாள் அவள், மோதிரம் மாற்றும் சத்தமில்லாத நேரத்தில், மெல்ல அண்ணாந்து. அந்தப் பெயரைப் பற்றி மஸ்கட்டுக்கு என்ன சொல்லியிருந்தார்களோ.

"சரி," என்றது குரல். "அப்படியே பிடிங்க."