மாட்டுப்படம் போட்ட பேணி

யாழ்ப்பாணத்து வேலணையில் கலியாணவீடோ செத்தவீடோ, பெரிய கிடாரத்துச் சமையலுக்கு அன்னபூரணத்தைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வயதில் புருசனை இழந்தவள். ஊராருக்குச் சமைத்துச் சமைத்தே மகள் சறோஜினிதேவியைப் படிப்பித்து, கொழும்பு ஆசுபத்திரியில் தாதியாக்கிவிட்டாள். அடுப்புப் புகை மிச்சம் வைத்தது மூச்சிழுக்கும் முட்டு வருத்தம்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாதம் மகளிடமிருந்து ஒரு கடிதமும் தகரப்பேணியொன்றும் வந்தன. ‘வெள்ளிக்கிழமை என்னோடு வேலைசெய்யும் இரண்டு பேரை நயினாதீவுக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன். வழியில் வீட்டுக்கு வருவோம். அடுப்பு மூட்ட வேண்டாம். பேணியிலுள்ள சீஸையும் வீட்டிலுள்ள பழங்களையும் துண்டு துண்டாக வெட்டி, ஈர்க்கில் குத்தி வையுங்கோ. அது போதும்.’

அன்னபூரணம் கடிதத்தை மூன்று தரம் வாசித்தாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அடுப்பு மூட்டாமல் என்ன விருந்து? சீஸ் என்றால் என்னவென்றும் அவளுக்குத் தெரியாது; பேணியிலோ ஒரு மாட்டின் படம் போட்டிருந்தது.

மீன் விற்றுவிட்டு அந்த வழியால் போன செபஸ்தியம்மாவிடம் காட்டினாள்.

“மாட்டுப்படமெண்டால் மாட்டிறைச்சிதான் அக்கா. போன நத்தார்ப் பண்டிகைக்கு எங்கட வீட்டையும் இப்பிடி ஒண்டு வந்தது.”

அன்னபூரணத்துக்குக் கை கூசியது. வெள்ளிக்கிழமை, அதுவும் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு! பேணியைச் சீலைத்தலைப்பால் பிடித்துக்கொண்டு, தபால் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறிய தம்பிஐயாவிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைப் போட்டு இங்கிலீசை வாசித்தார்.

“பாலில செய்தது. பயப்பிடாதையும்.”

“அப்ப இனிக்குமோ அண்ணை?”

“உப்பெண்டெல்லோ கிடக்குது.”

“உப்புப் போட்ட பாலைப் பழத்தோட ஆர் தின்னுறது?”

“அது எனக்குத் தெரியாது. கிடக்கிறதைத்தான் வாசிக்க ஏலும்.”

வெள்ளிக்கிழமை காலை பேணியை வெட்டித் திறந்தபோது, மஞ்சள் சவர்க்காரக் கட்டி மாதிரி ஒன்று இருந்தது. மணத்திப் பார்த்தாள். பழுதாகிவிட்டதா, இதன் மணமே இதுதானா? கேட்க ஆளில்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தையும் அன்னாசியையும் வெட்டி, இதையும் வெட்டி, ஈர்க்கில் மாறிமாறிக் குத்தினாள். மோதகமாவது அவிப்போமென்று நெருப்புப்பெட்டியை இரண்டு தரம் எடுத்து, இரண்டு தரமும் வைத்தாள்.

மகள் வந்து குசினிக்குள் கால் வைத்ததும் அன்னபூரணம் கேட்டேவிட்டாள்.

“பிள்ளை, என்ர சமையலைக் காட்ட வெக்கமோ உனக்கு?”

சறோஜினி திகைத்துப்போனாள். “என்னம்மா கதைக்கிறியள்? போனமுறை ஆக்கள் வந்து போகுமட்டும் நீங்கள் புகைக்குள்ளயே நிண்டியள். அம்மா எங்கையெண்டு கேட்டுக் கேட்டே போச்சினம். இண்டைக்கு எங்களோட வந்து கதிரையில இருங்கோ.”

அன்னபூரணம் போய் இருந்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வந்தவர்களில் ஒருத்தி மேரிறோஸ். அவள் ஒரு ஈர்க்கை எடுத்து இவளிடம் நீட்டினாள். சொந்த வீட்டில் இன்னொருத்தி பரிமாறி வாங்கித் தின்பது அன்னபூரணத்துக்கு அதுதான் முதல்தரம். வாயில் வைத்தாள். முதலில் உப்பு, பிறகு மாம்பழம். விழுங்குவதா துப்புவதா என்று யோசிக்க, மேரிறோஸ் கேட்டாள்.

“அம்மா, முன்னூறு பேருக்கெண்டால் அரிசி எவ்வளவு போடுவீங்கள்?”

அன்னபூரணம் விழுங்கிவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். அரிசியில் தொடங்கியவள் பருப்பு, பூசணி, உலை கொதிக்கும் சத்தம் என்று போய்க்கொண்டேயிருந்தாள். நயினாதீவுப் படகுத்துறைக்குப் போகும் குறிகட்டுவான் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டுத்தான் எல்லாரும் எழும்பி ஓடினார்கள்.

தட்டில் மூன்று ஈர்க்கு மிஞ்சிக் கிடந்தது. பிடிக்காமல் விட்டார்களா, கதை கேட்ட ஆர்வத்தில் மறந்துவிட்டார்களா என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். அப்போதும் விளங்கவில்லை.