வாழைக்கு நடுவே வண்டிப்பாதை

மேலூர்க் காத்தானுக்கு ஒரு வாழைத்தோட்டம் இருந்தது. அவன் மனைவி ராசாத்திக்குக் கழுத்துவலி இருந்தது. ஆள் நுழைய இடமில்லாமல் கன்று வைப்பதுதான் காத்தானுக்குப் பெருமை. அதனால் ஒவ்வொரு தாரையும் ராசாத்தி தலையில் ஏற்றிக்கொண்டு, வழுக்குகிற வரப்பில் நடந்து, ஸ்ரீரங்கத்துச் சாலையில் நிற்கும் வண்டிக்குக் கொண்டுவர வேண்டும். இன்னும் இரண்டு வருஷம் இப்படிச் சுமந்தால் படுத்த படுக்கையாகிவிடுவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருஷத்துக் காவிரி வெள்ளம் தோட்டத்தையே வாரிக்கொண்டு போனது. காத்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். ராசாத்தியும் அழுதாள், ஆனால் அழுத கண்ணோடே வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கும் வண்டல் கொழகொழவென்று கிடக்க, நடுவில் நீளமாக ஒரு மேடு மட்டும் முதலில் காய்ந்தது. ஊர் ஆடுகளெல்லாம் அதன்மேலேயே நடந்து போயின.

“ஏங்க, கன்னு வைக்கறதுக்கு முன்னாடி அந்த மேட்டுல வண்டிக்கு வழி விட்டுடலாங்க. கோடியில திரும்பறதுக்கும் எடம் வேணும். மாடு பின்னால நடக்காதில்ல?”

“சோறு போடற மண்ணுல வண்டி ஓட்டணுமா? வாய்க்கா கரையில ஓட்டிக்கலாம். ஒரு கன்னுகூட கொறையாது,” என்றான் காத்தான்.

புதுக் கன்றுகளை ஏற்றி வந்த வண்டியை அப்படியே வாய்க்கால் கரையில் விட்டான். ஊறிப்போன கரை பொலபொலவென்று சரிந்தது. அச்சு வரை சக்கரம் புதைந்தது. உடைப்பில் பாய்ந்த தண்ணீர் பக்கத்து நிலத்துப் பிச்சமுத்துவின் நாற்றங்காலை மூழ்கடித்தது. பிச்சமுத்து வந்து காத்தானின் ஏழு தலைமுறையையும் வசவாலேயே விசாரித்துவிட்டுப் போனார். ராசாத்தி சேற்றில் இறங்கி, வண்டியிலிருந்த கன்றுகளைத் தலையில் ஏற்றி மேட்டுக்குச் சுமந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடக் காத்தான் தாங்கியிருப்பான்.

“சரி புள்ள, ஒன் மேட்டுலயே வழிய விடு,” என்றான் கடைசியில்.

அன்றைக்கே அவள் கயிறு கட்டி அளந்து, கோடியில் வண்டி வட்டமடிக்க இடமும் ஒதுக்கிவிட்டாள். எத்தனை கன்று போச்சு என்று காத்தான் முனகிக்கொண்டேதான் நட்டான்.

மறுவருஷம் முதல் வெட்டு. வண்டி உள்ளே வந்தது, தார்களை ஏற்றிக்கொண்டது, நோகாமல் திரும்பியது. பின்னால் ராசாத்தி வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்து வந்தாள். அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் பாட்டே வந்துவிட்டது. சுமையில்லாமல் அவள் அந்தத் தோட்டத்தைவிட்டு வெளியே வந்து காத்தான் பார்த்ததே இல்லை.

“இத்தன வருஷமா மாடு இழுக்கற பாரத்த ஒன் தலையில ஏத்தியிருக்கேனே புள்ள!”

ராசாத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“மாட்டுக்காச்சும் பருத்திக்கொட்டை வைப்பாங்க. எனக்கு என்னங்க வச்சீங்க?”