அருள்மலர் சொல்லாத பெயர்

அடி எதற்காக விழுந்தது என்று அடிபட்டவனுக்குத் தெரியாமல் போனால், அதைப் பழி என்று சொல்லலாமா? அருள்மலரை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

அவருடைய கணவர் ராகுலன் கனடாவில், மிசிசாகா நகரில் ஓர் இணையத் தொலைக்காட்சி நிலையத்தில் விளக்குகளைக் கவனித்தார். முதலாளி வலேரி பாவ்லொவிச், மர வியாபாரத்தில் பெரும் பணக்காரரான ரஷ்யர். ரஷ்யாவை மறுபடி ஜார் மன்னர் ஆளவேண்டும் என்று சொல்வதற்காகவே அந்த நிலையத்தை நடத்தினார். நிகழ்ச்சிகள் பழைய அரச கீதத்தோடு முடியும்; எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். இலங்கையில் இராணுவ முகாமொன்றில் துப்பாக்கி முனையில் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கவைக்கப்பட்டவர் ராகுலன். அவர் எழவில்லை. வலேரி கமராவை அவர் பக்கம் திருப்பினார். "நாய்கூட எசமானுக்கு எழும்" என்று நேரலையில் சிரித்து, அங்கேயே வேலையிலிருந்து நீக்கினார். அதன்பின் ராகுலன் ஸ்காபரோ வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. அடுத்த குளிர்காலத்தில் மாரடைப்பில் இறந்தார்.

அருள்மலர் அதே நிலையத்தில் எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் பெண்கள் பலரையும் போல, பாஸ்போட்டில் அவர் பெயரோடு இருந்தது தகப்பன் பெயர். ராகுலனின் மனைவி என்று அங்கே எவருக்கும் தெரியாது.

"அவன்ர காசில சோறு தின்னுறியள், வெக்கமில்லையோ அண்ணி?" என்றாள் ராகுலனின் தங்கை நிலாணி.

"திண்டுகொண்டிருந்தாத்தான் கிட்ட நிக்கலாம். பொறு."

"எவ்வளவு காலம்? ஜார் வருமட்டுமோ?"

"ஓம். அவர் வரட்டும்."

பொறுமையை நற்குணம் என்பார்கள். பழிக்கும் அதே பொறுமைதான் வேண்டும். அருள்மலர் ரஷ்ய மொழி படித்தார். இடைவேளையில் வலேரி மைக்கைக் கழற்றுவதில்லை. அப்போது பதிவாகும் பேச்சை வெட்டி எறிவது அருள்மலரின் வேலை. ஒன்றை மட்டும் அவர் எறியவில்லை: "இளவரசன் ஒரு மண்டு. முடி அவன் தலையில், கயிறு என் கையில்."

அரியணைக்கு உரிமை கோரும் அந்த இளவரசர் ஐரோப்பாவிலிருந்து வந்தார். நேரலையில் வலேரி குனிந்து அவர் கையை முத்தமிட்டபோது, அருள்மலர் அந்தப் பழைய பதிவை அரங்கம் முழுக்க ஒலிக்கவிட்டார். இளவரசர் கையை இழுத்துக்கொண்டு வெளியேறினார். விருந்தினர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

வலேரி எடிட்டிங் அறை வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"நான் உனக்கு என்ன செய்தேன்?"

கணவரின் பெயரைச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை அருள்மலர் ரஷ்ய மொழியில் எத்தனையோ முறை சொல்லிப் பழகியிருந்தார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"ஒன்றுமில்லை. பட்டன் மாறி அழுத்திவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவரைக் கடந்து போனார்.

அண்ணன் பெயரை ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று நிலாணி இன்றும் கேட்கிறாள்.